பின்சீற்

தம்பி,

இதை ஆறுதலாக இருந்து வாசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று நீ காரைவிட்டு இறங்காமல் அழுத அழுகைக்குப் பிறகும், இந்த நாலைந்து பக்கத்தை வாசிக்கும் அளவுக்காவது தமிழ் மிஞ்சியிருக்கும் என்று நம்புகிறேன். விளங்காத இடத்தில் அபியைக் கேள். அவளும் வாசிக்கட்டும், உன் மனைவிக்கு ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை. அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள். எனக்கு முழங்கால் நோகிறது என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்டேன். நோவு உண்மைதான், ஆனால் நான் நின்றது இதை எழுதத்தான்.

செவ்வாய்க்கிழமை நீ போய்க் கையெழுத்து வைக்கப் போகிறாய். சிவப்பா, வெள்ளையா என்று போன கிழமை என்னைக் கேட்டாய். "எது நல்லம், அப்பா? நீங்கள் சொல்லுங்கோ" என்றாய். வாழ்நாளில் பாதியைப் பார்சல் வான் ஓட்டிக் கழித்தவனிடம் வாகனத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வராமல் இருக்குமா? மணிக்கணக்காகக் கதைத்தேன். ஆனால் நீ கேட்டதற்கு அதில் பதில் இருக்கவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேரில் வந்தால் மறுபடியும் என் வாய் ரயரையும் எண்ணெயையும் பற்றித்தான் கதைக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டிகளைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், அது எனக்கு வரும். கார்ல்ஸ்ரூஹேயைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆட்களின் தோட்டத்துக்குக் கல் பதித்து, மரம் நட்டு, குளம் வெட்டிக் கொடுக்கிற உனக்கு, அந்தச் சின்னக் கிண்டுகிற மெசினை ஏற்றிய அன்ஹெங்கரை, அந்த இழுவைப் பெட்டியை, இழுக்கப் பலமான வண்டி வேண்டும். சரி, அதற்காக அமெரிக்காக்காரன் தன் நாட்டுத் தெருவின் அகலத்துக்குச் செய்த முழுப் பெரிய பிக்கப்தான் வேண்டுமா என்று முதலில் நான் கேட்டேன். சூப்பர் மார்க்கெற்றில் நிறுத்தினால் பின்பாதி தெருவில் நிற்கும், கராஜுக்குள் விட்டால் கதவு மூடாது, பதிவுப் புத்தகத்திலே லொறி என்று எழுதுவார்கள் என்றெல்லாம் பகிடி பண்ணினேன். "ஓமப்பா, லொறிதான், வரியும் குறைவு" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டாய். பிறகு மன்ஹைம் பக்கத்தில் அந்த வியாபாரியின் வளவுக்குப் போய் இரண்டையும் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசை வந்தது. எட்டு சிலிண்டர் எஞ்சின் சும்மா நின்று உறுமும்போது நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. இந்த வயதில் எனக்கு அப்படிச் செய்தால் வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

வெள்ளைக்கு இரண்டே கதவு. முன்னுக்கு ஒரே நீள சீற், மூன்று பேர் நெருக்கி இருக்கலாம், அதற்குப் பின்னால் உடனே கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் தட்டு. தட்டு எட்டடி நீளம், பலகை முழுதாகப் படுக்கும். நிலத்துக்கு ரப்பர் போட்டிருக்கிறது, சேறு பட்டால் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம். காஸில் ஓடுகிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். ஓடிய தூரமும் குறைவு, விலையும் குறைவு. சிவப்புக்கு நான்கு கதவு. பின்னால் ஒரு முழுச் சீற், மூன்று பேர் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம், எல்லாம் தோல். ஆனால் அந்தச் சீற்றுக்கு இடம் கொடுத்ததால் தட்டு கட்டையாகப் போய்விட்டது. நீளப் பலகை ஏற்றினால் பின்கதவைத் திறந்து போட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டுதான் ஓடவேண்டும். அதோடு வண்டியின் சொந்தப் பாரமே கூட. சாமானோடு மூன்றரைத் தொன்னைத் தாண்டினால் உன் லைசென்ஸ் காணாது. என்னுடைய பழைய லைசென்ஸில் ஏழரைத் தொன் வரை ஓடலாம். ஏழரை என்ற எண்ணால் என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே நன்மை அதுதான். ஆகவே கல்லும் மண்ணும் ஏற்றுகிற உனக்கு வெள்ளைதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எந்த டிரைவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

நான்தான் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்கச் சிவப்புக்குத்தான் வக்காலத்து வாங்கினேன். திரும்ப விற்கும்போது நல்ல விலை போகும் என்றேன். கருவிகளைப் பின்சீற்றில் வைத்துப் பூட்டலாம், மழையில் நனையாது என்றேன். அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு தேருக்குப் போகலாமே என்றுகூடச் சொன்னேன். நீ வண்டிக்குக் கீழே குனிந்து துருப் பார்த்தபடி, "உங்களிட்டக் கார் இருக்குத்தானே, அப்பா" என்றாய். பிறகு எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு, "பின்சீற் எனக்கு என்னத்துக்கு? ஆர் இருக்கப் போகினம்?" என்று கேட்டாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் சாமான் வாங்கும்போது இது போதும் என்று சொல்வதுபோலச் சொன்னாய். 

போன வருடம் இதே காலத்தில் நீ எனக்குப் படம் படமாக அனுப்பியதெல்லாம் நான்கு கதவு வண்டிகள்தான். அபிக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். பின்சீற்றில் பிள்ளையின் சீற் கொளுவுகிற கம்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எனக்கு எழுதுவாய். நான் சும்மா இருந்தேனா? அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கிய உடனே கடைக்குப் போய், கைபிடி வைத்த அந்தக் குழந்தை சீற்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா வாசலிலேயே மறித்தாள். "பிறக்க முன்னம் ஒண்டும் வாங்கக் கூடாது எண்டு தெரியாதே உங்களுக்கு?" என்று கத்தினாள். சீற் இல்லாமல் பிள்ளையை ஆஸ்பத்திரியில் இருந்து காரில் கொண்டுவரவே முடியாது, இது ஜேர்மனி, உன்னுடைய சாத்திரம் இங்கே ஓடாது என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். பிறகு அவளுக்காக அதை நிலவறைக்குள் கொண்டுபோய், துணியால் மூடி வைத்தேன். அந்த மாதம் முடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். சீற் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எறியவும் மனம் வரவில்லை, யாருக்காவது கொடுக்கவும் மனம் வரவில்லை. உருளைக்கிழங்கு எடுக்கப் போனால் அந்தப் பக்கம் பார்க்காமல் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

எங்களில் யாராவது செத்தால் எனக்கு வேலை தெரியும், தம்பி. நீ பார்த்திருக்கிறாய். மண்டபம் பிடிப்பேன், கதிரை அடுக்குவேன், ஐயருக்குச் சொல்வேன், வருகிற ஆட்களுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பேன். எட்டுச் செலவு, முப்பத்தொன்று என்று ஒரு மாதத்துக்குக் கைக்கு ஓய்வே இருக்காது. அதற்குள் மனம் கொஞ்சம் அடங்கிவிடும். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குப் பெயர் வைத்தீர்கள், ஒரு நாள் முழுக்க மடியில் வைத்திருந்தீர்கள், பிறகு இந்த நாட்டு முறைப்படி சவக்காலையில் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வைத்துவிட்டு வந்தீர்கள். சாவுத் துடக்கு எத்தனை நாள் என்று நான் ஐயருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவரும் பாவம், "அப்பிடி ஒண்டும் செய்யத் தேவையில்லை, அண்ணை" என்றார். செய்யத் தேவையில்லை என்றால் நான் என்ன செய்வது? கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். உங்களை யாரும் கேட்டு நோகடித்துவிடக் கூடாது என்று, சொந்தக்காரர் எல்லாருக்கும் நானும் அம்மாவும் மாறிமாறித் தொலைபேசி எடுத்துச் சொன்னோம்.

இனி அந்த வியாபாரியின் வளவில் நடந்ததற்கு வருகிறேன். தாடி வைத்த அந்த மனிதர் நல்ல மனிதர். சிவப்பின் பின்கதவைத் திறந்து காட்டி, உன்னைப் பார்த்து, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். வியாபாரத்துக்காகக் கேட்டது, அவருக்கு என்ன தெரியும்? நீ வாயைத் திறந்தாய். நீ என்ன சொல்லப் போகிறாயோ என்று பயந்துபோய் நான் முந்திக்கொண்டேன். "இன்னும் இல்லை" என்று ஜேர்மனில் சொன்னேன், சிரித்துக்கொண்டு வேறு. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளையின் திறப்பைத் தாருங்கள், ஓடிப் பார்க்கவேண்டும் என்று அவரிடம் கேட்டு வாங்கினாய்.

நெடுஞ்சாலைக்கு ஏறினோம். நான் யன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனப்பா 'இன்னும் இல்லை' எண்டு சொன்னீங்கள்?"

"முன்பின் தெரியாத மனுசன். அவருக்கு என்னத்துக்கு எங்கட வீட்டுக் கதை?"

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்."

 உன் கை ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. வேகம் மட்டும் கூடவில்லை, அதைக் கவனித்தேன்.

"நீங்களும் அம்மாவும் எல்லாருக்கும் ஃபோன் எடுத்து, 'பிள்ளை தங்கேல்லை' எண்டு சொன்னீங்கள். எனக்குக் கேட்டது. தங்கிறது எண்டா என்னப்பா? ஹோட்டல்ல தங்கிற மாதிரியோ? அவள் வந்து பாத்திட்டு, பிடிக்கேல்லை எண்டு போனவளோ?"

"அப்பிடி இல்லை, தம்பி. எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுறது. அது சும்மா ஒரு சொல்லு."

"அபிக்குச் சும்மா சொல்லு இல்லை. தன்னட்டத் தங்க அவளுக்குப் பிடிக்கேல்லையோ எண்டு என்னட்டக் கேக்கிறாள். நான் என்ன சொல்ல?"

 எத்தனையோ வீடுகளில், எத்தனையோ தாய்மாரைப் பற்றி நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். மெத்தென்ற சொல், யாருக்கும் குத்தாது என்று நினைத்துச் சொன்ன சொல். ஜேர்மனில் யோசித்துத் தமிழில் பேசுகிற உனக்குத்தான் அதற்குள் இருந்த குற்றச்சாட்டுக் கேட்டிருக்கிறது. போனது பிள்ளையின் விருப்பம் என்றும், நிற்க வைக்கத் தெரியாதது தாயின் குறை என்றும் அந்தச் சொல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அது எங்களுக்குக் கேட்டதே இல்லை. சரி, அதை விட்டுவிட்டு வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இந்தக் கிழமை முழுக்க யோசித்துப் பார்த்தேன். செத்துப் பிறந்தது என்பதா? அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வேறு சொல் என்னிடம் இல்லை, மகனே. தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

கொஞ்சத் தூரம் போனபிறகு நீயே சொன்னாய்.

"சிவப்பை வேண்டாம் எண்டதுக்கு விலை காரணமில்லை. அபி முதல் நாள் என்னோட வந்து பாத்தவள். பின்கதவைத் திறந்து, சீற்றுக்கு இடையில கையை விட்டு, அந்தக் கம்பியைத் தடவிக்கொண்டு நிண்டாள். பிறகு கதவை மெல்லமாச் சாத்திப்போட்டு, 'நல்ல வண்டி' எண்டாள். அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்குள்ள அந்த வெறும் சீற்றைப் பாத்துக்கொண்டு என்னால ஓட ஏலாதப்பா."

அப்போது நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "கியர் மாறுறதே தெரியேல்லை, நல்ல பெட்டி" என்றேன். நீ "ஓம்" என்றாய். அதற்குப் பிறகு வளவுக்குத் திரும்பி வரும்வரை பிரேக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தோம். அந்த நேரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி உன்னைக் கட்டிப் பிடித்திருக்கவேண்டும். மூன்று பேர் இருக்கிற சீற்றில் உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிற இடம் கிடந்தது. நான் நகரவில்லை. நகர எனக்குத் தெரியவில்லை.

நான் வேறு மாதிரி விளங்கி வைத்திருந்தேன், தம்பி. நீ பின்சீற் வேண்டாம் என்றது, இனிப் பிள்ளையே வேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேரும் எடுத்த முடிவு என்று நினைத்தேன். கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் நான்கு கதவுக்காக அப்படி வாதாடினேன். வண்டியில் ஒரு சீற் இருந்தால் உங்கள் மனதிலும் ஒரு இடம் இருக்கும் என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு. வெறுமையாகக் கிடக்கிற இடத்தை எனக்காகத் தூக்கிக்கொண்டு திரிய உன்னைக் கேட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் விளங்குகிறது. இனி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எப்போது நினைப்பீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். அம்மாவையும் கேட்கவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுத ஆசை, ஆனால் அவளை என்னால் கட்டிவைக்க முடியுமா என்பது உனக்கே தெரியும்.

வெள்ளையை வாங்கு. கையெழுத்து வைக்குமுன் அன்ஹெங்கர் கொளுவுகிற கொக்கிக்கு மேலே, சட்டத்தின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்; துருவைக் கறுப்பு மை பூசி மறைத்திருப்பார்கள். காஸ் தாங்கி எப்போது கடைசியாகச் சோதித்தது என்று கேள். குளிருக்கு அந்த அளவு ரயர் கடையில் சும்மா கிடைக்காது, இப்போதே பேசி அவர்களிடமே வாங்கிவிடு. அபிக்கு ஏறுவது கஷ்டம், பக்கத்துக்கு ஒரு படி போடச் சொல். வேறு புத்தி சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவள் அழும்போது நீ எழும்பிப் போய் ஏதாவது வேலை செய்யத் தொடங்காதே. உன் வளவில் கல் அடுக்கியிருக்கிற ஒழுங்கைப் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது, அவள் எவ்வளவு அழுதிருக்கிறாள் என்று. அந்தப் பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்தது. விட்டுவிட ஏலுமென்றால் விட்டுவிடு.

நேற்று நடந்ததையும் சொல்லவேண்டும். உண்மையில் இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். தமிழ்க் கடையில் மீன் வாங்க நின்றபோது ஒருவர் வந்து கையைப் பிடித்தார். கோயிலில் கண்ட முகம், அவ்வளவு பழக்கமில்லை. மகளுக்குப் பிறந்தநாள், மண்டபம் எடுத்துச் செய்கிறோம், குடும்பமாக வரவேண்டும் என்று கார்ட் தந்தார். தந்துவிட்டு, "பேரப்பிள்ளையள் எத்தினை பேர், அண்ணை? சின்னாக்களுக்கு ஒரு பை குடுக்கிறம், அதுதான் கேக்கிறன்" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் தன்பாட்டில் திறந்தது. மூடிக்கொண்டு, திரும்பத் திறந்தேன்.

"ஒண்டு" என்றேன்.

"பொடியனோ, பெட்டையோ?"

"பெட்டை."

"பேர் என்ன?"

"லயா" என்றேன். நானாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீங்கள் வைத்த பெயர், ஜேர்மன்காரருக்கும் வாயில் வரவேண்டும் என்று தேடி வைத்த பெயர். சொல்லிப் பார்த்தால் சொல்ல எவ்வளவு சுகமாக இருக்கிறது. அந்த மனிதரும், "நல்ல வடிவான பேர், அண்ணை" என்றார். எனக்கு, நம்பமாட்டாய், பெருமையாக இருந்தது. மீன்காரருக்கு முன்னால், அந்தச் சனத்துக்குள், மற்றத் தாத்தாமாரைப்போலப் பெருமையாக நின்றேன்.

பிறகு அவர் கேட்டார், "என்ன வயசு?"

தொலைபேசியில் எழுதிக்கொள்ள விரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மீனை நிறுத்து முடித்து, அடுத்த ஆள் யார் என்று கூப்பிட்டார்கள். நான் அப்படியே நின்றேன்.

இதற்கு நீங்கள் இரண்டு பேரும் என்ன சொல்கிறீர்கள், தம்பி? எனக்குச் சொல்லித் தா.

அப்பா